அடிக்கிற கையும் அணைக்கிற கையும்: பிள்ளை வளர்ப்பு முறைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊரில் இரண்டே கட்சிதான். ஊர், மலேசியாவில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். முதல் கட்சி, ரோத்தானை, அதாவது பிரம்பை, நம்பும் தாத்தாக்களுடையது. "எங்கப்பா ரோத்தான கையில எடுத்தா லயமே அடங்கும். நாங்க என்ன கெட்டா போயிட்டோம்?" (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.) இரண்டாவது கட்சி, கைப்பேசியில் காணொளி பார்த்துப் பிள்ளை வளர்க்கும் இளம் பெற்றோர். குரலை உயர்த்தக் கூடாது, பிள்ளையின் மனம் நோகக் கூடாது, 'கூடாது' என்பதைக்கூட வேறு மாதிரி சொல்ல வேண்டும் என்பார்கள். கோயில் அன்னதானத்தில் இந்த இரு கட்சியும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்துவிட்டால் சாம்பார் ஆறிப்போகும்.

இரு தரப்பும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறது: கண்டிப்பு கூடினால் பாசம் குறையும், பாசம் கூடினால் கண்டிப்பு குறையும் என்ற நினைப்பு. அதனால்தான் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்று சண்டை. பிள்ளை வளர்ப்பு முறைகளைப் பற்றிய ஆராய்ச்சி முதலில் உடைத்தது அந்த நினைப்பைத்தான்.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டயானா பௌம்ரிண்ட் என்ற உளவியலாளர் இருந்தார். பாலர் பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவதையும் சண்டை போடுவதையும் புதியவர்களிடம் பழகுவதையும் கவனித்து, அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார். 1966-ல் வந்த கட்டுரையில் மூன்று வகை வளர்ப்பை விவரித்தார். 1983-ல் எலனார் மக்கோபி, ஜான் மார்ட்டின் என்ற இருவர் அதை இரண்டு அளவுகோல்களாக மாற்றி அடுக்கியபோது நான்காவது வகை ஒன்றும் வெளிப்பட்டது. இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருப்பது இந்த நான்குதான்.

அந்த இரண்டு அளவுகோல்கள் என்ன? ஒன்று, பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம், எவ்வளவு ஒழுங்கு வைக்கிறோம் என்பது. மற்றது, பிள்ளையின் மனதை எவ்வளவு கவனிக்கிறோம், அதன் பேச்சுக்கு எவ்வளவு காது கொடுக்கிறோம் என்பது. பழைய வானொலிப் பெட்டியில் ஒலிக்கு ஒரு திருகும் அலைவரிசைக்கு ஒரு திருகும் தனித்தனியாக இருக்குமே, அதுபோல. ஒன்றைத் திருப்பினால் மற்றது தானாகத் திரும்பாது. இரண்டையும் கூட்டி வைக்கலாம், இரண்டையும் குறைத்தும் வைக்கலாம்.

ஓர் எட்டு வயதுப் பையனை வைத்துப் பார்ப்போம். இரவு மணி ஒன்பதரை. விடியற்காலையில் பள்ளி வேன் வந்துவிடும். பையன் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருக்கிறான்.

முதல் வீட்டில் அப்பா கைப்பேசியைப் பிடுங்குகிறார். "ஏன்பா, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று பையன் ஆரம்பித்ததுமே, "எதிர்த்தா பேசுற?" என்று ஓர் அறை. ஏன் தூங்க வேண்டும் என்பது பேச்சிலேயே இல்லை; சொன்னால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இது அதிகார வளர்ப்பு: ஒழுங்கு அதிகம், காது கொடுப்பது குறைவு. இரண்டாவது வீட்டில் அம்மா, "கண்ணு, தூங்கலாமா?" என்று கேட்கிறார். பையன் சிணுங்குகிறான். "சரி, கொஞ்ச நேரம்." மணி பதினொன்று. காலையில் அவனை எழுப்ப வீடே போராடுகிறது. பாசம் நிறைய, ஒழுங்கு இல்லை. நாம் செல்லம் கொடுத்தல் என்கிறோமே, அதுதான்.

மூன்றாவது வீட்டில் பையன் தூங்கினானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இந்த வகையைக் கண்டுகொள்ளாத வளர்ப்பு என்கிறார்கள். நான்கில் பிள்ளைகளுக்கு அதிகக் கேடு தருவது இதுதான் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆனால் இந்தப் பெயரை யார் மீதும் அவசரப்பட்டு ஒட்டிவிடக் கூடாது. அப்பா இரவு ஷிப்ட்டுக்கு ஃபேக்டரி பஸ்ஸில் ஷா ஆலம் பக்கம் போயிருக்கிறார், அம்மா பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார் என்றால், அது மனமில்லாமை ஆகாது. ஆள் பற்றாக்குறை.

நான்காவது வீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இங்கே ஒன்பது மணிக்குக் கைப்பேசி அம்மாவின் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த விதி. பையன் முரண்டு பிடிக்கிறான். அம்மா கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. "விளையாட்டு பாதியில நிக்குதுன்னு கோவமா இருக்குதா? இருக்கும்பா. ஆனா மணி ஆயிடுச்சு. போன குடு, நாளைக்கு மத்தியானம் விளையாடலாம்." பையன் அழுகிறான். அழுகை அம்மாவின் முடிவை மாற்றவில்லை. அழுததற்காக அடியும் விழவில்லை. மறுநாள் அவன் தெளிவாக இருக்கும்போது, "சனிக்கிழமை மட்டும் பத்து மணி வரைக்கும் தாங்கமா" என்று கேட்டால், யோசித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளவும் அந்த அம்மாவால் முடியும். விதி உண்டு, விதிக்குக் காரணம் உண்டு, பேசவும் இடம் உண்டு. இதை நெறி காட்டும் வளர்ப்பு என்று சொல்லலாம்.

கவனியுங்கள், நான்காவது வீட்டிலும் பையன் அழுதான். நெறியோடு வளர்த்தால் பிள்ளை அழாது, அடம் பிடிக்காது என்று யாராவது காணொளியில் சொன்னால் அவர் எதையோ விற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த நான்காவது வகையில் வளர்ந்த பிள்ளைகள் சராசரியாகப் படிப்பிலும் தன்னம்பிக்கையிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் மேலாக இருக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளின் முடிவு. 'சராசரியாக' என்பதை அடிக்கோடிட வேண்டும். சாதுவான பிள்ளைக்கு நல்ல பெற்றோராக இருப்பது எளிது. பிறவியிலேயே துறுதுறுப்பும் முன்கோபமும் உள்ள பிள்ளை, பொறுமைசாலியான அம்மாவையும் கத்த வைத்துவிடும். நியூயார்க்கில் 1956 முதல் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதி இதைத்தான் சொன்னார்கள்: பிள்ளையின் சுபாவமும் வளர்ப்பும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அண்ணனுக்குச் சரிப்பட்டது தங்கைக்குச் சரிப்படாமல் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இப்போது ரோத்தானுக்கு வருவோம். அதைத் தாண்டிக்கொண்டு மலேசியாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுத முடியாது. பிடியில் கலர் பிளாஸ்டிக் போட்டு மளிகைக் கடையிலேயே தொங்கும்.

2016-ல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள், ஐம்பது ஆண்டுகளில் வந்த 75 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் அடங்கிய பிள்ளைகள் சுமார் 160,000 பேர். காயம் வரும்படி அடிப்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. பின்புறத்திலோ கை காலிலோ வெறுங்கையால் போடும் சாதாரண அடியை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட அடி அதிகமானால் முரட்டுத்தனமும் மனக் கோளாறுகளும் சேர்ந்தே அதிகமாகக் காணப்பட்டன. நாளடைவில் பிள்ளை சொல்பேச்சு கேட்பது கூடவில்லை. இந்த விஷயத்தில் பௌம்ரிண்டே மாறுபட்டவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்போதாவது விழும் லேசான அடியையும் கொடுமையான அடியையும் ஒரே கூடையில் போடக் கூடாது என்று அவர் வாதாடினார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் பௌம்ரிண்டும்கூட, அடிதான் பிள்ளையைத் திருத்துகிறது என்று சொல்லவில்லை.

அடியில் உள்ள சிக்கல் எளிதாகப் புரியக்கூடியது. அடி, 'இதைச் செய்யாதே' என்று சொல்கிறது. வேறு என்ன செய்யலாம் என்று சொல்வதில்லை. பயம், அப்பாவின் மோட்டார் சத்தம் கேட்கும்வரைதான் வேலை செய்யும். இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் போனதும் பையனின் பெரும்பாலான நேரம் அப்பா இல்லாத இடங்களில்தான் கழியப் போகிறது.

சட்டமும் மாறிக்கொண்டு வருகிறது. பிள்ளை வதை, 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்கீழ் குற்றம். அடித்தது பெற்ற அப்பா என்பதால் அது குற்றமில்லாமல் போகாது. பள்ளியில் பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க விதி இடம் தருவதில்லை. சுவீடன் 1979-லேயே வீட்டில் அடிப்பதையும் சேர்த்துத் தடை செய்துவிட்டது.

அப்படியானால் தாத்தாக்கள் சொல்வது பொய்யா? ரோத்தான் அடி வாங்கி வளர்ந்தவர்கள் பலர் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதே இதைப் பற்றித்தான்.

ரப்பர்த் தோட்டங்களில் பால் எடுக்க மரம் வெட்டிய காலத்தில் ஒரு பிள்ளை எப்படி வளர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். விடிவதற்கு முன்பே பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. அம்மாவும் அப்பாவும் மரம் வெட்டப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். அங்கே ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓர் ஆயாவே பார்த்துக்கொள்வார். வீட்டில் பாட்டி, பக்கத்து வீட்டில் பெரியம்மா, எதிர்லயத்தில் அத்தை. பையன் ஆற்றுப் பக்கம் போனால் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிடும். அப்பாவிடம் அடி வாங்கினால் அழுதுகொண்டு போக ஓர் இடம் இருந்தது; பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டுவார், "உங்கப்பனுக்கு வேற வேலையில்ல" என்று திட்டுவதுபோல் இரண்டு வார்த்தையும் சொல்வார். கண்டிப்பு ஒருவரிடமிருந்து வந்தது, கனிவு பத்துப் பேரிடமிருந்து வந்தது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். லயத்தில் பெரும்பாலும் அடித்தது ஒரு கை, அணைத்தது வேறு கைகள்.

இதை இரண்டு அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த மொத்த வளர்ப்பு நான்காவது வகைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்திருக்கிறது. தாத்தா தன் வாழ்க்கையை நினைக்கும்போது ரோத்தான் நினைவுக்கு வருகிறது, அதுதான் வலித்தது என்பதால். பாட்டியின் முந்தானையை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. (எல்லா வீட்டிலும் அணைக்க ஒரு கை இருந்ததா என்றால் இல்லை. தண்ணி போட்டுவிட்டு அடித்த அப்பாக்களின் பிள்ளைகள் இந்தப் பெருமைப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. அவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார்கள்.)

இப்போது அந்த ஏற்பாடு கலைந்துவிட்டது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (பாமாயில் பனை) தோட்டம் 1917-ல் போடப்பட்டது எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பிறகு வந்த ஆண்டுகளில் ரப்பர் காடுகள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போயின. நான்காவது மாடியில் இரண்டு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள், பூட்டிய இரும்புக் கதவு. பக்கத்து வீட்டுப் பெயர் தெரியாது. அப்பா, தன் அப்பா செய்த அதே கண்டிப்பைச் செய்கிறார். ஆனால் அழுதுகொண்டு போக எதிர்லயம் இல்லை. ஆகவே, அடியை மட்டும் பழைய காலத்திலிருந்து எடுத்து வந்துவிட்டு, 'எங்களுக்கு வேலை செய்தது' என்று சொல்வது பாதிக் கணக்கு.

பௌம்ரிண்டின் வகைகள் அமெரிக்க வெள்ளை நடுத்தரக் குடும்பங்களைப் பார்த்து உண்டானவை, நமக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. 1994-ல் ரூத் சாவோ என்ற ஆய்வாளர் இதே கேள்வியைக் கேட்டார். அமெரிக்காவில் குடியேறிய சீனத் தாய்மாரை அந்த அளவுகோலில் வைத்தால் 'அதிகார' வகையில் விழுகிறார்கள்; ஆனால் அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் நன்றாகச் செய்கிறார்கள். அந்தக் கண்டிப்புக்குள் இருக்கும் உழைப்பையும் அக்கறையையும் வெளியாட்களின் கேள்வித்தாள் பிடிக்கவில்லை என்றார் அவர். நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். நம் அப்பாக்கள் 'உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்ல மாட்டார்கள், சம்பள நாளில் மீ கோரேங் பொட்டலத்தோடு வருவார்கள். பிள்ளைக்கு அது புரிகிறதா என்பதுதான் கேள்வி. சின்னப் பிள்ளைக்குப் பொட்டலம் புரியும். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பேச்சும் வேண்டும்.

துருக்கியின் சீடெம் காயித்சிபாஷி என்ற உளவியலாளர் சொன்னது நமக்கு இன்னும் நெருக்கம். கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போகும் குடும்பங்களில் பிள்ளைகளின் சம்பாத்தியத்தை நம்பி இருப்பது குறைகிறது, ஆனால் பாச நெருக்கம் குறைவதில்லை. அதனால் பிள்ளைக்குச் சொந்தமாக முடிவெடுக்கக் கற்றுக்கொடுத்தாலும் குடும்பம் உடையாது. தன் காலில் நிற்பதும் ஒட்டி இருப்பதும் ஒரே பிள்ளையிடம் இருக்க முடியும் என்றார். 1982-ல் இஸ்தான்புல்லின் குறைந்த வருமானத் தாய்மாருக்கு அவரும் சகாக்களும் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் அதிகம் பேர் படிப்பைத் தொடர்ந்திருந்தார்கள். 'பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுத்தால் நம்மை விட்டுப் போய்விடும்' என்று பயப்படுகிற அப்பாக்களுக்கு இதைச் சொல்லலாம்.

காணொளிகளில் ஓடும் புதுப் பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக. 'புலித் தாய்' என்பது 2011-ல் ஏமி சுவா எழுதிய புத்தகத்தால் பரவிய பெயர். கடும் பயிற்சி, உயர்ந்த மதிப்பெண், விடுமுறை இல்லை. 'ஹெலிகாப்டர் பெற்றோர்' என்றால் பிள்ளையின் தலைக்கு மேலேயே வட்டமிட்டுக்கொண்டு, அதன் பள்ளித் திட்டவேலையையும் தாங்களே செய்து கொடுப்பவர்கள். 'மென்மை வளர்ப்பு' என்பது அடி, மிரட்டல், பரிசு ஆசை காட்டுவது இவையெல்லாம் இல்லாமல் பிள்ளையின் உணர்வை மதித்து வளர்ப்பது. சரியாகச் செய்தால் அது மேலே சொன்ன நான்காவது வீடுதான். பாதியில் நின்றுவிட்டால் இரண்டாவது வீடு.

வேலைக்குப் போகும் அம்மாக்களைக் குற்ற உணர்வில் தள்ளும் ஒரு பெயரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'ஒட்டுறவு வளர்ப்பு' என்று, குழந்தையை எந்நேரமும் உடம்போடு கட்டிச் சுமக்க வேண்டும், கூடவே படுக்க வைக்க வேண்டும் என்கிற முறை ஒன்று உண்டு. வில்லியம் சியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பிரபலப்படுத்தியது. இதற்கும், குழந்தைக்கும் அதைப் பார்த்துக்கொள்பவருக்கும் உள்ள பிணைப்பை விளக்கும் ஜான் பௌல்பி, மேரி எயின்ஸ்வொர்த் ஆகிய ஆய்வாளர்களின் ஒட்டுறவுக் கோட்பாட்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை அதிகம். எயின்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவின் கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குப் போய்க் குழந்தைகளைக் கவனித்தவர். குழந்தை அழைக்கும்போது அதன் தேவையைப் புரிந்து பதில் தரும் ஆள் உண்டா என்பதுதான் முக்கியம் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. அப்படி ஆள் இருக்கும் குழந்தை, அம்மா வேலைக்குப் போய்த் திரும்பி வருவதைத் தாங்கிக்கொள்ளும். விடியற்காலையில் குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு மரம் வெட்டப் போன நம் பாட்டிமார் யாரும் பாசத்தில் குறைந்துபோகவில்லை.

ஆனால், அடம் பிடிக்கும் பிள்ளையை என்ன செய்வது? இதற்கு விடை தேடியவர் அமெரிக்காவின் ஒரிகானில் இருந்த உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன். அவர் விவரித்தது, நம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தினசரி நடப்பதுதான். பொம்மைக் கடை முன்னால் பிள்ளை கேட்கிறது. "வேணாம்." சிணுங்குகிறது. "வேணாம்னு சொன்னேன்ல?" தரையில் விழுந்து புரள்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வெட்கத்தில் பத்து ரிங்கிட்டை எடுத்து நீட்டுகிறோம். அந்த நிமிடத்தில் இரண்டு பேரும் பாடம் கற்றுவிட்டார்கள்: புரண்டால் கிடைக்கும் என்று பிள்ளை, கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று நாம். அடுத்த வாரம் பிள்ளை சிணுங்குவதில் ஆரம்பிக்காது, நேராகப் புரளும். ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் அறைந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே, கொடுப்பதாக இருந்தால் முதல் தடவை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். மாட்டேன் என்றால் புரளும்போதும் மாட்டேன்தான். கிளம்புவதற்கு முன்பே வீட்டு வாசலில், "இன்னைக்கு அப்பம் மட்டும்தான், பொம்மை இல்ல" என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

கடைசியாக, தாத்தா பாட்டி. அம்மா "வேணாம்" என்றதை, "அழ விடாதம்மா, பாவம், நான் வாங்கித் தர்றேன்" என்று தாத்தா கொடுத்துவிடுவார். "மாமா, நீங்க குடுத்து குடுத்துதான் கெடுக்கறீங்க" என்று மருமகள் பிள்ளையின் முன்னாலேயே சொல்ல, இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இருக்காது. பாட்டி வீட்டில் ஒரு சட்டம், நம் வீட்டில் ஒரு சட்டம் என்று இருந்தால் பிள்ளைகள் குழம்புவதில்லை. எங்கே எது செல்லுபடியாகும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். எனவே எல்லாவற்றுக்கும் சண்டை போட வேண்டாம். தூக்கம், கைப்பேசி, அடி இந்த மூன்றில் மட்டும் பெரியவர்களோடு முன்கூட்டியே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், பிள்ளை தூங்கிய பிறகு. மாமனாரிடம் மருமகள் நேரடியாகச் சொல்வதைவிட அவர் மகன் சொன்னால் எடுபடும். ஒரு மிட்டாய் கூடுதலாகக் கொடுத்தார் என்றால், போகட்டும், விட்டுவிடுங்கள்.